ஆறு மில்லிமீட்டர் தவறு

துணியாலையில் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் கண்ணுக்கு என்ன ஆனது என்பது புரியும்.

சாய்வாக ஒரு கண்ணாடி மேசை. அடியில் குழல்விளக்குகள். மேலே ஓர் உருளை துணியை அவிழ்த்துவிடும், கீழே இன்னோர் உருளை அதைச் சுருட்டிக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் அகலத் துணி நிமிடத்துக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் என் முன்னால் இறங்கிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று விடுபட்டிருந்தால் கீழிருந்து வரும் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். நூல் தடித்திருந்தால் கறுப்பாகத் தெரியும். மிதியை அழுத்தி மேசையை நிறுத்தி, கரையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, எத்தனையாவது மீட்டர் என்று சீட்டில் எழுதி, மறுபடி ஓடவிட வேண்டும். ரோல் முடிந்ததும் சீட்டின் அடியில் என் எண்ணைப் போடுவேன். என் எண் பதினேழு.

புதிதாக வருகிறவர்கள் குறையைத் தேடுவார்கள். கண்ணை இங்கும் அங்கும் ஓட்டி அரை மணி நேரத்தில் களைத்துப்போவார்கள். தேடக் கூடாது. பார்வையைத் துணியின் நடுவில் சும்மா வைத்திருக்க வேண்டும். குறை தானாக வந்து கண்ணில் படும். அதற்கு இரண்டு கண்ணும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை, நாலு மாதத்துக்கு முன்னால் என் மூக்குக்கண்ணாடி உடையும் வரை.

எனக்கு இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய மைனஸ் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று திரும்பாமல் இருந்திருக்கிறேன். உடைந்த கண்ணாடியை ஒன்பது வருடம் போட்டிருந்தேன். அதைச் செய்து கொடுத்தவரைச் சிரிப்புக்காரர் என்பார்கள். கீறல் விழுந்த லென்ஸைத் துடைத்துப் புதிது என்று விற்பார். யாராவது சண்டைக்கு வந்தால் சிரிப்பார். ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனார். யாரும் வருத்தப்படவில்லை. நானும்தான். அவர் கண்ணாடி நன்றாக இருந்தது என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. துணி வண்டி ஒன்று அதன்மேல் ஏறியபோதுகூட, நல்ல கடையாகப் பார்த்துப் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று நல்ல கடைகளுக்குப் போனேன். மூன்றிலும் ஒரே முறைதான். முகவாயை ஒரு தட்டில் வைத்து இயந்திரத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். உள்ளே நீளமான சாலை, அதன் முடிவில் ஒரு பலூன். பலூன் மங்கித் தெளியும். அதற்குள் இயந்திரம் பவரைச் சொல்லிவிடும். பிறகு ஒரு கண்ணை மூடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். அடுத்து மற்றக் கண். நான் இரண்டு கண்ணிலும் கீழ் வரிக்கு முந்தின வரி வரை படித்தேன். என் பவருக்கு அது பெரிய விஷயம் என்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார்.

கண்ணாடி வந்து போட்டுக்கொண்டால், மேசையில் ஒரு நூல் இரண்டாக இறங்கியது.

"பழகிடும், ஒரு வாரம்" என்றார் முதல் கடைக்காரர். இரண்டாமவர் வேறு ஜோடி செய்து கொடுத்து, "பழகிடும், ரெண்டு வாரம்" என்றார். மூன்றாமவர் எல்லா எண்ணையும் திரும்பப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்கும்மா. மனசுல ஏதாச்சும் கவலையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கவலை இல்லை. எதுவுமே இல்லை.

வலது கண்ணை மூடிக்கொண்டால் நூல் ஒன்றாகிவிடும் என்று கண்டுபிடித்தேன். முழுதாக மூடினால் யாராவது கேட்பார்கள். வெளிச்சம் கூசுவதுபோல இமையைத் தாழ்த்திக்கொண்டேன். அப்படியே வேலை பார்த்தேன். தலைவலி மத்தியானத்துக்கு மேல் வரும், சாயங்காலம் போகும். வீட்டில் தங்கை ஏதாவது சொல்வாள், நான் "உம்" என்பேன். அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுடைய கணவர் வெளியூர் வேலை, எனக்குக் கணவர் இல்லை. இரண்டு பேருக்குமாக அவளே பேசிக்கொள்வாள்.

நாலாவது மாதம் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். கவலை வந்தால் பல்லிடுக்கில் காற்றை விடுவார், அதனால் பிரிவில் அவருக்கு விசில் சார் என்று பெயர். என்னைவிட வயதில் சின்னவர். மேசைமேல் ஒரு துண்டுத் துணி இருந்தது.

"அக்கா, இது நீங்க பாத்த ரோல். வலது கரையோரம் பாவு நூல் ஒண்ணு அறுந்திருக்கு. அறுபது மீட்டர் நீளத்துக்கு அப்படியே போகுது. வாங்கினவங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

பாவு என்பது நீளவாக்கில் போகும் நூல். அது அறுந்தால் ஒரு கோடு விடாமல் ஓடும். புதிதாக வந்தவர்கள்கூட விடமாட்டார்கள். சீட்டில் பதினேழு என்று என் கையெழுத்து இருந்தது.

"அறுபது மீட்டர்க்கா. நாலு நிமிஷம் உங்க முன்னாடியே ஓடியிருக்கு."

"ஆமா சார்."

"ஏதாச்சும் சொல்லுங்க."

அவமானமாக இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. அவர் மேசையில் இருந்த பேனா இரண்டாகத் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குச் சோதனை என்றார். நூறு மீட்டர் ரோல். அதில் எந்த இடத்தில் என்ன குறை என்று அவர்களுக்குத் தெரிந்த இருபது குறைகள் இருக்கும். குறைந்தது பதினெட்டைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மடிப்புப் பிரிவு. அங்கே போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்ததையும் அன்றுதான் சொன்னேன்.

"நாலு மாசமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அழுதிருந்தாலாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ உம்முனு உக்காந்திருந்தா நான் எதக் கண்டேன்" என்றாள். பிறகு அவளே, "நாளைக்கு லீவு போடு. மெதுவக்கா கிட்டப் போவோம்" என்றாள்.

மெதுவக்கா ஒரு நகலெடுக்கும் கடையின் மாடியில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஒரு நாளைக்கு நாலு பேருக்குமேல் பார்க்கமாட்டார் என்பதால் அந்தப் பெயர். "அங்க போனா மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கிட்டுத்தான் போகணும். ஒரு கண்ணு பாத்து முடிக்கறதுக்குள்ள இன்னொரு கண்ணுக்கு வயசாயிடும்" என்று தங்கை சொன்னாள். ஆனால் அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் மகனுக்கு, கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியவராம்.

சின்ன அறை. பலூன் இயந்திரம் இருந்தது, மூடி போட்டு ஓரமாக. மெதுவக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் மூன்று புதுக் கண்ணாடிகளையும் வாங்கி வரிசையாக வைத்தார். எழுத்துப் பலகைப் பக்கம் போகவே இல்லை.

"வேலைல எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க" என்றார்.

நின்று காட்டினேன். என் மூக்கிலிருந்து இல்லாத துணி வரை அளவு நாடாவைப் பிடித்தார். அறுபத்தைந்து சென்டிமீட்டர். அகலம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். வலது கண்ணை மூடுவதைச் சொன்னதும், "அப்ப வலது கரை தெரிஞ்சிருக்காதே. மூக்கு மறைச்சிருக்குமே" என்றார்.

அறுபது மீட்டர் எப்படித் தப்பியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இடது கண் மட்டும் திறந்திருந்தால் வலது பக்கத்தில் என் மூக்குத்தான் சுவர். அதோடு கண்ணாடியின் விளிம்பும். நாலு மாதம் அந்தக் கரையை நான் பார்க்கவே இல்லை.

பிறகு தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, கறுப்புக் கரண்டி போன்ற ஒன்றால் என் ஒரு கண்ணை மறைத்தார். எடுத்தார். மற்றக் கண்ணை மறைத்தார். எடுத்தார். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. மறைப்பை எடுக்கிற நொடியில் என் கண் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தெரியுதுங்க?" என்று தங்கை கேட்டாள்.

"கொஞ்சம் தெரியுது. முழுசாத் தெரியல. இவங்க பழைய கண்ணாடி இருந்தா நல்லாருக்கும்."

என் தங்கை எதையும் தூக்கிப் போடாதவள். நான் குப்பையில் போட்டதை எடுத்து ஒரு சோப்புப் பெட்டியில் வைத்திருந்தாள். அன்று பையில் கொண்டும் வந்திருந்தாள். இடது லென்ஸ் தூள். வலது லென்ஸ் ஃபிரேமில் முழுதாக இருந்தது. மெதுவக்கா அதை ஒரு கருவியில் பொருத்தி, லென்ஸின் நடுமையத்தில் மையால் ஒரு புள்ளி வைத்தார். ஃபிரேமின் நடுவிலிருந்து புள்ளி வரை அளவுகோலை வைத்தார். என் மூக்கின் நடுவிலிருந்து கண்ணின் பாப்பா வரை வைத்தார். மறுபடி கண்ணாடியை அளந்தார். சிரித்துவிட்டார்.

"இத யாரு செஞ்சது?"

"ஒரு திருட்டுப் பய" என்றாள் தங்கை.

மெதுவக்கா எனக்கு விளக்கினார். எனக்கு இப்படி விளக்குகிறவர்களைப் பிடிக்கும். நாலு மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று பிடித்தது அன்றுதான்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடியாகவும் இருக்கும். இரண்டு ஆப்புகளைக் கூர்முனைகள் தொடும்படி ஒட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். முனைகள் தொடும் இடம்தான் மையம். மையத்தின் வழியாகப் பார்த்தால் ஒளி நேராகப் போகும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓர் ஆப்பு வழியாகப் பார்க்கிறோம், ஒளி சாய்ந்துவிடும். சின்னப் பவரில் இது தெரியாது. மைனஸ் பன்னிரண்டில் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் நல்ல கடைக்காரர்கள் இரண்டு பாப்பாக்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, மையங்களும் அதே தூரத்தில் இருக்கும்படி லென்ஸை வெட்டுவார்கள். என் பாப்பாக்களுக்கு இடையே அறுபத்திரண்டு மில்லிமீட்டர். மூன்று புதுக் கண்ணாடிகளிலும் மையங்கள் அறுபத்திரண்டில்தான் இருந்தன.

பழையதில் அறுபத்தெட்டு.

"ஃபிரேம் காம்புல உள்பக்கம் பாருங்க, சின்னதா நாப்பத்தாறு, இருபத்திரண்டுன்னு போட்டிருக்கும். நாப்பத்தாறு லென்ஸ் அகலம், இருபத்திரண்டு மூக்கு மேல வர்ற பாலம். ரெண்டையும் கூட்டினா அறுபத்தெட்டு. அவரு உங்க கண்ண அளக்கவே இல்ல. லென்ஸ அப்படியே நட்டநடுவுல வெச்சு மாட்டிட்டாரு. ஆறு மில்லிமீட்டர் தப்பு."

"அந்தத் தப்புலதான் எனக்கு ஒன்பது வருஷம் நல்லாத் தெரிஞ்சுது."

"ஆமாம்மா. உங்க ரெண்டு கண்ணும் சும்மா விட்டா வெளிப்பக்கமா ஒதுங்கப் பாக்குது. கரண்டிய எடுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் வெளிய இருந்துதான் உள்ள வருது. மையம் வெளிய தள்ளியிருந்தா, நீங்க மூக்குப் பக்கத்து ஆப்பு வழியாப் பாப்பீங்க. அது நீங்க பாக்கறதோட பிம்பத்த, கண்ணு ஒதுங்கற பக்கத்துக்கே நகர்த்திக் குடுக்கும். கண்ணு கஷ்டப்பட்டுச் சேர வேண்டியதில்ல. ஒரு கண்ண மூடிட்டு இன்னொண்ணப் பாத்தா இது வெளியவே வராது. ரெண்டையும் தனித்தனியாக் கேட்டா ரெண்டும் நல்ல பிள்ளைங்கதான்."

"எங்க நாத்தனார்ங்க மாதிரி. தனித்தனியா தங்கம். சேத்து உக்கார வெச்சா முடிஞ்சுது" என்றாள் தங்கை. பிறகு யோசித்தாள். "அப்ப திருட்டுப் பய தப்பாச் செஞ்சது சரி. நல்லவங்க மூணு பேரு சரியாச் செஞ்சது தப்பு. நல்லாயிருக்கே கதை."

"அவங்க அளந்தது சரிதாங்க. கேக்க வேண்டியதக் கேக்கல."

புது லென்ஸ் செய்ய நாள் ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்றார். மூன்றாவது கடைக் கண்ணாடியின் காம்பைப் பார்த்தார். நாற்பத்தாறு, பதினெட்டு. இழுப்பறைகளில் வெகுநேரம் தேடினார். அதே மாதிரி ஃபிரேம், அதே லென்ஸ் அகலம், பாலம் மட்டும் இருபத்திரண்டு. திருகைக் கழற்றி என் லென்ஸ் இரண்டையும் அதில் மாற்றிப் பொருத்தினார். மையங்கள் நாலு மில்லிமீட்டர் விலகிவிட்டன.

"திருட்டுப் பய ஆறு குடுத்தான், நீங்க நாலுதான் குடுக்கறீங்க?" என்றாள் தங்கை.

"அவங்களுக்கு நாலு போதும்."

போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். குழல்விளக்கு இரண்டிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஒன்றானது. தங்கைக்கு ஒரு முகம். என் முகத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படியிருக்கு?"

"ஒண்ணா இருக்கு."

"அவ்வளவுதானா? கொஞ்சம் சந்தோஷப்படேன்டி அக்கா" என்றாள் தங்கை.

பட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைச் சோதனையைச் சொல்லி, புதுக் கண்ணாடி சரியாக இருக்கிறது என்று ஒரு கடிதம் கேட்டேன். மெதுவக்கா மறுப்பாகத் தலையசைத்தார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்மா. நாலு மாசமா வலது கண்ண ஒதுக்கி வெச்சிருக்கீங்க. ரெண்டும் சேந்து ஓடற துணியப் பாக்கப் பழக மூணு வாரம் ஆகும். இப்பப் போனா தப்பு விழும். மூணு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி எழுதறேன்."

நிதானமாக எழுதினார். வாங்கிப் படித்தேன். அளவுகள், கண்ணின் ஒதுக்கம், மாற்றிய ஃபிரேம், மூன்று வாரம். நடுவில் ஒரு வரி: 'முந்தைய கண்ணாடிகளால் கடந்த நான்கு மாதங்களாக இவருக்கு இரட்டைப் பார்வை இருந்துள்ளது, இந்தக் காலத்தில் இரு கண்களையும் சேர்த்துப் பயன்படுத்த இயலவில்லை.'

"இந்த வரி வேண்டாமே" என்றேன்.

"அத எடுத்துட்டா மூணு வாரம் எதுக்குன்னு கேப்பாங்க. அதுக்கு பதில் அந்த வரிதான்."

"இதக் குடுத்தா, நாலு மாசம் இவ பாத்த ரோல் அத்தனையும் சந்தேகத்துல வரும். வேலையே போயிடும். ஒரு வரிதானேங்க" என்றாள் தங்கை. முதல்முறையாக அவள் குரலில் கேலி இல்லை.

"புரியுதுங்க. நான் பாத்தத எழுதாம விட்டா அப்புறம் என் கடிதத்த யாரு நம்புவா? குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். கண்ணாடி எப்படியும் உங்களுதுதான்."

படியிறங்கும்போது, "ஒரு வரிய விடமாட்டேங்குது, அப்படியென்ன பிடிவாதம். உன்ன மாதிரியே இருக்கு" என்று தங்கை திட்டிக்கொண்டே வந்தாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். படிகள் ஒவ்வொன்றாக இருந்தன.

நாலு மாதமும் நான் சீட்டில் பொய் எழுதவில்லை. பார்த்த குறையை எல்லாம் எழுதினேன். பார்க்காத இடத்தை எழுத சீட்டில் கட்டம் கிடையாது. அதைக் கொண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அந்தப் படிகளில்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை கடிதத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அக்கா, இத நான் வாங்கினா மேல அனுப்பியாகணும். நீங்க குடுக்கல, நான் பாக்கலன்னு வெச்சுக்கலாம். நாளைக்கு டெஸ்டுக்கு வாங்க. இப்ப கண்ணாடி நல்லாத்தானே இருக்கு? பாஸானா பாஸ். பழசயெல்லாம் யாரு கிளறப்போறா?"

நல்ல மனதோடுதான் சொன்னார். கடிதத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"குடோன்ல என் நம்பர் போட்ட ரோல் எத்தனை சார் இருக்கு? இந்த நாலு மாசத்துது."

கணினியில் பார்த்தார். "முப்பத்தெட்டு. மத்ததெல்லாம் போயாச்சு."

"அதுல வலது கரைய யாரும் பாக்கல சார். வாங்கிக்கங்க."

பல்லிடுக்கில் காற்று வந்தது. கடிதத்தை எடுத்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. சோதனை தள்ளிவைப்பு. செக்கிங் பட்டியலிலிருந்து என் எண் நீக்கம். முப்பத்தெட்டு ரோல்களையும் பழைய மேசையில், பாதி வேகத்தில், நானே மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரோலிலும் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டராக வேறொருவர் சரிபார்ப்பார். அதில் என்ன வருகிறதோ அதைப் பொறுத்து மேசையா மடிப்பா என்று முடிவு செய்வார்கள். "திட்டல. ஆனா நல்லதாவும் ஒண்ணும் சொல்லல" என்றார் விசில் சார்.

பழைய மேசை குடோன் வாசலில் இருக்கிறது. ஒரு விளக்கு எரியாது. அதை மாற்றச் சொல்லி, மாற்றும் வரை காத்திருந்தேன். முதல் ரோலை ஏற்றினார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்து மிதியிலிருந்து காலை எடுத்தேன். வெள்ளைத் துணி இறங்கியது. பார்வையை நடுவில் வைத்தேன். இரண்டு கரையும் தெரிந்தன. சில சமயம் நூல்கள் இரண்டாகப் பிரியப் பார்க்கும். ஒரு மூச்சு விட்டால் சேர்ந்துகொள்ளும். அப்படிப் பிரிகிறபோதெல்லாம் நிறுத்தி, ஒரு மீட்டர் பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன்.

பதினோராவது மீட்டரில், வலது கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, ஓர் ஊடை விடுபட்டிருந்தது. பழைய சீட்டில் பதினோராவது மீட்டருக்கு எதிரே ஒன்றும் இல்லை. மிதியை அழுத்தினேன். ஸ்டிக்கரை ஒட்டினேன். புதுச் சீட்டில் பதினொன்று என்று எழுதி மறுபடி ஓடவிட்டேன். பதினான்கிலும் ஒன்று இருந்தது.